முப்பத்தைந்துக்குப் பிறகு மேடை: தாமதமாகப் பாட வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக இருந்தவர். 1891ல், 24 வயதில், பேரேட்டை மூடிவைத்துவிட்டு நாடகத்துக்கு வந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று நாற்பது அளவில் இசைநாடகங்கள் எழுதினார். மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918ல் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் உள்ள அவரது சமாதிக்கு, ஆரோவில் அருகே உள்ள இரும்பையிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரம்கூட இல்லை.

மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர், லாரி ஓட்டுகிறவர், ஆரோவில் பட்டறையில் வேலை பார்க்கிறவர், திண்டிவனத்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் என இந்தப் பகுதியில் பலருக்கும் பாட்டு ஆசை உண்டு. கோயில் திருவிழா மேடையோடு அதை முடித்துக்கொள்ளாமல், பாத்திரம் ஏற்று நடித்துப் பாட வேண்டும், அதைத் தொழிலாகவும் கொள்ள வேண்டும் என்று முப்பத்தைந்திலோ நாற்பதிலோ நினைப்பவர்களுக்கானது இந்தக் கட்டுரை. தெருக்கூத்து, இசைநாடகம், ஐரோப்பிய ஆபரா மூன்றும் அடிப்படையில் ஒரே தொழில்தான்: கதையை நடித்துக்கொண்டே பாடுவது. தாமதமாக வருகிறவருக்கு மூன்றிலும் சிக்கல்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. வழிகளும் அப்படியே.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்து வயதில் பாடத் தொடங்கியவரோடு குரலில் மட்டும் போட்டியிட்டால் நாற்பது வயதுக்காரர் தோற்பார். குரலோடு தன் பழைய வேலை கற்றுக்கொடுத்ததையும் சேர்த்துக் கொண்டுவந்தால் அவருக்கு இடம் உண்டு.

எந்தக் கதவு மூடிவிட்டது?

முதல் வேலை, வயது வரம்புகளைக் கூச்சமில்லாமல் பார்ப்பது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டு முழுநேரப் பயிற்சிக்கு 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களைத்தான் சேர்க்கிறார்கள். விழுப்புரம் இசைப்பள்ளியின் அந்த வகுப்பு உங்களுக்குக் கிடையாது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரைதான். ஆபரா உலகின் பெரிய போட்டிகளில் ஒன்று, பிளாசிடோ டொமிங்கோ 1993ல் தொடங்கிய ஒபராலியா. அதுவும் 32 வயதோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க ஆபரா நிறுவனங்களின் இளம் கலைஞர் பயிற்சித் திட்டங்களும் பெரும்பாலும் முப்பதை ஒட்டியே நின்றுவிடும்.

திறந்திருப்பவையும் பல. கலை பண்பாட்டுத் துறை, மாவட்ட இசைப்பள்ளிகள் பலவற்றில் நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேர வகுப்புகள் நடத்துகிறது. 17 வயது நிரம்பியிருந்தால் சேரலாம். இந்த ஆண்டு எந்தக் கலைகளுக்கு வகுப்பு உண்டு என்பதை விழுப்புரம் பள்ளியில் நேரில் போய்க் கேளுங்கள். பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய். முதுநிலை நல்கை 40ஐக் கடந்தவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய். இரண்டும் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆனால் இவை தொடக்கநிலையினருக்கு இல்லை. களத்தில் சில ஆண்டுகள் இருந்து, கையில் ஒரு திட்டமும் உள்ளவர்களுக்குத்தான்.

மாவட்டக் கலை மன்ற விருதுகளைப் பாருங்கள். அவை வயது வாரியாகப் பிரிக்கப்பட்டவை. 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. நாற்பதில் வருகிறவர் இருபது வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை. தன் வயதுக்காரர்களோடு போட்டியிட்டால் போதும்.

குரலுக்கு வயதாகிவிட்டதா?

இல்லை. குரலில் சில தன்மைகள் வயதோடுதான் வரும். ஆபராவில் ஆண்களின் மிகத் தாழ்ந்த குரலுக்கு பாஸ் என்று பெயர். அந்தக் குரல் முப்பதுக்கு மேல்தான் முழுமையாக முதிரும். அமெரிக்காவின் மாரிஸ் ராபின்சன் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்; பிறகு ஒரு பெரிய நிறுவனத்தில் விற்பனை வேலை பார்த்தார். முறையான குரல் பாடத்தை முப்பது வயதில்தான் தொடங்கினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவரை போய்ப் பாடினார். அவருடையது பாஸ் குரல். மெல்லிய, உயர்ந்த குரலோடு முப்பதில் தொடங்கியிருந்தால் அந்த வழி இவ்வளவு அகலமாக இருந்திருக்காது. உங்கள் குரல் எந்த வகை என்பதை ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகு கனவை அளவெடுங்கள்.

கூத்திலும் இசைநாடகத்திலும் தாமதமாக வருகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் சுருதி. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதால் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் பாடினார்கள். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த உச்சத்தில் கட்டப்பட்டது. அவர் அதற்குச் சிறுவயதிலிருந்தே பழகியவர். இன்று மேடையில் மைக் இருக்கிறது. ஆர்மோனியக்காரரிடம் முதலிலேயே உங்கள் கட்டையைச் சொல்லி, அதில் வாசிக்கக் கேளுங்கள். பெருமைக்காக ஒரு கட்டை ஏற்றிப் பாடினால் இரவு இரண்டு மணிக்குக் குரல் உடையும்.

பயிற்சி எளிமையானது, ஆனால் தினமும் நடக்க வேண்டும். விடியலில் மந்திர ஸ்தாயியில் அகார சாதகம், பிறகு சரளி வரிசை, ஜண்டை வரிசை மூன்று காலங்களில், அதற்குப் பிறகே பாட்டு. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் கத்துவதைவிட இருபது நிமிடமாகக் காலையும் மாலையும் பாடுவது மேல். கழுத்தளவு தண்ணீரில் நின்று அசுர சாதகம் செய்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள். நாற்பது வயதுத் தொண்டைக்கு அது வேண்டாம்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வெயிலும் உப்புக் காற்றும் உடலின் நீரை வாங்கிவிடும். குரல் நாண்கள் ஈரமாக இருந்தால்தான் சரியாக அதிரும். பாட வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடித்து வாருங்கள். மேடைக்கு ஏறும்போது குடிக்கும் ஒரு சொம்பு நீர் உடனே குரலுக்குப் போய்ச் சேராது. இரவு நேரம் கடந்து காரமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதும் குரலைக் கெடுக்கும். வயிற்று அமிலம் மேலே வந்து தொண்டையைப் புண்ணாக்கும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டு, ஜிப்மரிலோ அரசு மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதில் குரல் சற்று இறங்குவது இயல்பு. கட்டையைக் குறைத்துக்கொண்டு தொடரலாம்.

பழைய வேலையை மூலதனமாக்குங்கள்

சுவாமிகள் நடிகராகவும் மேடையேறியவர்தான். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற வேடங்கள் அவருடையவை. ஆனால் அவரை நிலைநிறுத்தியது எழுத்தும் வாத்தியார் வேலையும். சிறுவயதிலேயே கற்ற தமிழ் இலக்கணம் கையில் இருந்தது. புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையிடம் இருந்து தாளக் கணக்கை ஆழமாகப் பயின்றார். யாப்பு, தாளம் இரண்டும் தெரிந்தவர் அன்றைய நாடகக் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டார். குரலை மட்டும் நம்பி வந்திருந்தால் பல நடிகர்களில் ஒருவராகப் போயிருப்பார்.

இன்னும் பின்னால் போனால் அப்பர் என்னும் திருநாவுக்கரசர் இருக்கிறார். இரும்பை மாகாளத்தைப் பாடிய சம்பந்தர் மூன்று வயதில் பாடத் தொடங்கியவர் என்பது மரபு. அப்பரோ சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு கற்று, தலைமை நிலையில் இருந்துவிட்டு, நடுவயதில் திருவதிகையில் பாடத் தொடங்கியவர். பிள்ளையும் பெரியவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போனார்கள். தேவாரத்தில் இருவருக்கும் இடம் இருக்கிறது.

இங்கிலாந்தின் கேத்லீன் ஃபெரியர் 14 வயதில் பள்ளியை விட்டு, பிளாக்பர்ன் ஊரின் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நேரம் சொல்லும் தொலைபேசிச் சேவைக்குக் குரல் தேடியபோது போட்டியிட்டார்; தேர்வாகவில்லை. 1937ல் கார்லைல் இசை விழாவில் கணவர் கட்டிய ஒரு ஷில்லிங் பந்தயத்துக்காகப் பாட்டுப் போட்டியிலும் சேர்ந்து, பியானோ, பாட்டு இரண்டிலும் பரிசு வாங்கினார். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிலும் கிராம அரங்குகளிலும் பாடித்தான் மேடை பழகினார். முதல் ஆபரா 1946ல், 34 வயதில். 1953ல் புற்றுநோயால் இறக்கும்வரை மேடையில் ஏற்ற ஆபராப் பாத்திரங்கள் இரண்டே இரண்டு: லுக்ரீஷியா, ஆர்ஃபியோ. மற்றதெல்லாம் கச்சேரி மேடை. தாமதமாக வந்தவர் எல்லாப் பாத்திரத்துக்கும் ஆசைப்படாமல், தன் குரலுக்குப் பொருந்திய சிலவற்றை முழுமையாகச் செய்ததற்கு அவர் நல்ல சான்று.

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடது பக்கம், உங்கள் இப்போதைய வேலையில் தெரிந்தவை: கணக்கு, வண்டி ஓட்டுவது, ஆட்களை வேலை வாங்குவது, மின் இணைப்பு, தையல், கூட்டத்தில் பேசுவது. வலது பக்கம், ஒரு குழுவுக்கு என்ன தேவை: இரவுக்கான ஒப்பந்தம், போக்குவரத்து, ஒலி ஒளி, உடை, அறிவிப்பு, வரவு செலவு. கோடு போட்டு இணையுங்கள். எந்தக் குழுவும் புதிய குரலைச் சேர்க்க யோசிக்கும். பாடவும் தெரிந்து, வேன் ஓட்டவும் தெரிந்தவரைச் சேர்க்க யோசிக்காது.

எந்த வேடம்?

ராஜபார்ட் எனும் கதாநாயக வேடத்தைக் குறிவைத்து வராதீர்கள். அது இளமையிலேயே தொடங்கியவர்களின் இடம். வயது பலமாகும் வேடங்கள் ஏராளம். ‘வள்ளி திருமண’த்தில் நம்பிராஜன், நாரதர், அரிச்சந்திரன் நாடகத்தில் விசுவாமித்திரர், பாரதக் கூத்தில் திருதராட்டிரன், விராடன். ஆபராவிலும் இப்படித்தான். மொஸார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழ’லில் சராஸ்ட்ரோவும் ‘டான் ஜியோவன்னி’யில் படைத்தளபதியும் பாஸ் குரல் கேட்கும் பெரியவர் வேடங்கள். முகத்தில் நாற்பது வயது தெரிந்தால் அங்கே குறையே இல்லை.

வேடம் கட்டாத வேலைகளையும் எண்ணிப் பாருங்கள். கூத்தில் பின்பாட்டு ஒரு முழுத் தொழில். விடிய விடிய நடக்கும் கூத்தில் நடிகருக்கு மூச்சு வாங்கும்போது பாட்டைத் தாங்குவது பின்பாட்டுக்காரர்தான். மேடை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது நல்ல தொடக்கம். நகைச்சுவை வருமென்றால் கட்டியங்காரனும் இசைநாடகத்து பபூனும் காத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஊர் நடப்பு தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு அது தெரிந்திருக்கும். கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு, இசைச் சொற்பொழிவு ஆகியவற்றில் நரைத்த தலை ஒரு தகுதி.

பெண்களுக்கு ஒரு சொல். தெருக்கூத்து நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே ஆடிய கலை. காஞ்சிபுரம் பக்கம் பி. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துச் சங்கத்தின் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது. இசைநாடகத்தில் தடை முன்பே உடைந்துவிட்டது. கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமே கட்டிப் பாடினார். நாட்டுப்புற மேடைகளில் பல ஆண்டுகள் பாடிய பரவை முனியம்மா, 2003ல் வந்த ‘தூள்’ படத்தின் மூலம் தமிழ்நாடு முழுவதும் அறிமுகமானபோது அறுபதை ஒட்டிய வயதில் இருந்தார்.

உப்புக்கும் கூத்துக்கும் ஒரே பருவம்

இந்தக் கடற்கரையில் வேலை பார்ப்பவர் ஒன்றை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். தை மாசியில் பாத்தி கட்டி, வெயில் ஏற ஏற உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பளம் ஓடும். கூத்துக்கும் நாடகத்துக்கும் பங்குனியில் தொடங்கி ஆடிவரை திருவிழாக் காலம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியலில் முடியும். உப்பளத்து வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஓர் இரவு ஆடினால் மறுநாள் கூலி போய்விடும்.

எனவே ஆண்டை இப்படிப் பிரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் உப்பளம் நிற்கிறது. அதுதான் உங்கள் பள்ளிக்கூடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த வேலையில்லாக் காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது. தகுதியுள்ளவர்கள் விட்டுவிடாதீர்கள். புதுப் பாட்டு, வசனம், அடவு எல்லாம் இந்த மூன்று மாதத்தில் ஏறிவிட வேண்டும். டிசம்பரில் சென்னைக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். சபாக்கள் பலவற்றில் காலை, மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. தை, மாசியில் சின்ன மேடைகள்: பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, கோயில் பஜனை. பங்குனி முதல் ஆடிவரை முதல் ஆண்டில் சனிக்கிழமை இரவுகளை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலை செய்கிறவருக்கும் இதே கணக்குதான். விடுப்பு நாட்களைத் திருவிழா மாதங்களுக்குச் சேமித்து வைக்க வேண்டும்.

பணம்

ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசும் தொகை உங்கள் வருமானம் இல்லை. அதிலிருந்து பயணம், ஒப்பனைச் சாமான், உடை வாடகை, சாப்பாடு, மறுநாள் இழக்கும் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். மீதி வருவதுதான் உங்களுடையது. முதல் இரண்டு ஆண்டுகளில் அது கழித்தலாகவே வரலாம். எவ்வளவு கழித்தல்வரை தாங்கும் என்று வீட்டில் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நகையை அடகு வைத்து ஆடை அணிகலன் வாங்காதீர்கள். குழுவின் உடைகளை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் முன்பணத்துக்கு மரியாதை உண்டு. அதை வாங்கிவிட்டால் காய்ச்சல் வந்தாலும் போய் நிற்க வேண்டும், முடியாவிட்டால் மாற்று ஆளை நீங்களே அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்ட தொகை, நாள், ஊர், வேடம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் காலந்தாழ்த்தாமல் பதிந்துகொள்ளுங்கள். நிகழ்ச்சித் துண்டறிக்கை, புகைப்படம், ஊர்ப் பெரியவர்கள் தந்த கடிதம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள். பின்னாளில் விருதுக்கோ, இயல் இசை நாடக மன்றத்தின் உதவிக்கோ விண்ணப்பிக்கும்போது இத்தனை ஆண்டு களத்தில் இருந்தேன் என்பதற்கு அந்தக் காகிதங்கள்தான் சாட்சி. தாமதமாக வந்தவருக்கு ஒவ்வோர் ஆண்டின் சாட்சியும் முக்கியம்.

யாரிடம் கற்பது?

இந்தக் கரைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு எந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்று சொல்கிறான். அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கலைஞருக்கு வேலையும் வாத்தியாரும் இன்னொரு கலைஞர் சொல்லித்தான் கிடைப்பார்கள் என்பது இன்றும் மாறவில்லை. கூத்து முடிந்து விடியலில் அரிதாரம் கலைக்கும் இடத்துக்குப் போங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். “உங்களுக்கு வாத்தியார் யாருங்க, ஐயா?” என்று கேளுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

இரும்பையில் இருப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இந்திரா பார்த்தசாரதி தலைமையில் வளர்ந்த பள்ளி. பட்டம் பெற்றவர்கள் அங்கே நாடகத்தில் முதுகலை படிக்கலாம். படிக்காவிட்டாலும் மாணவர் நாடகங்களைப் போய்ப் பாருங்கள். வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடக மையம் ஆரோவில் எல்லையில் இருக்கிறது. மூச்சும் குரலும் உடலும் ஒன்றாக வேலை செய்வதை அங்கே பயிலரங்குகளில் கற்பிக்கிறார்கள். ஆரோவில்லில் சேர்ந்திசைக் குழுவும் உண்டு. பக்கத்துக் குரலைக் கேட்டுப் பாடும் பழக்கம் சேர்ந்திசையில்தான் வரும்.

ஆபராதான் வேண்டும் என்றால்

அப்படியும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு நேராகவே சொல்லலாம். ஆபராப் பாடகர் மைக் இல்லாமல் முழு இசைக்குழுவைத் தாண்டிக் கேட்க வேண்டும். இசைக்குழுவின் ஒலி வலு 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிகுதி. பயிற்சி பெற்ற ஆபராக் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி திரண்டு நிற்கும். அதனால்தான் அது மேலே மிதந்து கேட்கிறது என்று ஸ்வீடனின் யோஹான் சுந்த்பெரி விளக்கியிருக்கிறார். ஆசிரியர் பக்கத்தில் இருந்து பல ஆண்டு திருத்தினால்தான் அந்தத் திரட்சி வரும். கைபேசியில் பார்த்துப் பழகினால் தொண்டையை இறுக்கிக் கத்துவதுதான் வரும். இத்தாலியமும் ஜெர்மனும் பொருள் புரிந்து பாடும் அளவுக்குத் தெரிய வேண்டும்.

தொடங்க இடம் உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் 2008ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியக் குரலிசை கற்பிக்கிறார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் குரலிசைத் தேர்வுகளை நாற்பதிலும் எழுதலாம், வயது தடையில்லை. 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு போன்ற இடங்களில் சேர்ந்திசையாகப் பாடலாம். ஆனால் இந்தியாவில் ஆண்டு முழுவதும் ஆபரா நடத்திச் சம்பளம் தரும் அரங்குகள் இல்லை. இங்கே இருந்துகொண்டு இதைச் செய்கிறவர் பாடுவதோடு கற்பித்தும் பிழைக்க வேண்டும்.

நம்பிக்கைக்கு ஒருவர்: அமெரிக்கப் பாடகர் லிம்மி புல்லியம். ஓபர்லின் இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். உடல் பருமனைக் காட்டி மட்டம்தட்டும் உலகம் வேண்டாம் என்று இளமையிலேயே பாட்டை விட்டார். கடன் வசூல், பாதுகாப்புப் பணி என்று ஆண்டுகள் ஓடின. மீண்டும் பயிற்சி எடுத்து, 2022 டிசம்பரில் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் ‘ஐடா’வின் ராதமேஸாக நின்றபோது நாற்பதுகளின் நடுவைக் கடந்திருந்தார். இளமையிலேயே போட்ட அடித்தளம் அவருக்கு இருந்தது என்பதையும் மறக்காதீர்கள். சிறுவயதில் தேவாரமோ கோயில் பஜனையோ தேவாலயப் பாடற்குழுவோ பழகியிருந்தால் உங்களுக்கும் ஓர் அடித்தளம் இருக்கிறது.

குழுவில் நடந்துகொள்ளும் விதம்

உங்கள் வாத்தியார் உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். அவரை “வாத்தியாரே” என்றே அழையுங்கள். “தம்பி” என்று கூப்பிட்ட அன்றே பாடம் நின்றுவிடும். வயதுக்கான மரியாதையை அவர் தருவார், நீங்கள் கேட்டு வாங்கக் கூடாது.

பாடம் முழுக்க மனப்பாடமாக இருக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகங்களில் நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. எதிராளி எந்தப் பாட்டை எடுத்தாலும் பதில் பாட்டு வாயில் நிற்க வேண்டும். ஒரு நாடகம் முழுமையாகத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும். ஐந்து நாடகங்களில் பாதிப் பாதி தெரிந்தவரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் சொல்லப்படும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடிக்கொண்டிருந்தவளின் காற்சிலம்பு நழுவி விழுந்தது. ஆட்டம் தடைபடக் கூடாது என்று கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலிலேயே பூட்டினார். கூட்டம் சிரித்தது. மேடைக்காரர் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது சித்தரின் செயலை. சக நடிகர் வரி மறந்தால் எடுத்துக்கொடுங்கள், சுருதி விலகினால் தாங்கிப் பிடியுங்கள், கிரீடம் சரிந்தால் நடித்துக்கொண்டே நிமிர்த்துங்கள். பத்தாண்டு அனுபவம் இல்லாதவர் குழுவில் வேகமாக மதிப்புப் பெற இதைவிட நல்ல வழி கிடையாது.

வேலையை எப்போது விடலாம்?

இப்போது இல்லை. இரண்டு திருவிழாப் பருவங்கள் முழுதாக முடியட்டும். நீங்கள் தேடிப் போகாமலே ஊர்கள் மறுபடி கூப்பிடுகின்றனவா, செலவும் இழந்த கூலியும் போக மீதி நிற்கிறதா, விடியும்வரை பாடியும் மறுநாள் குரல் தெளிவாக இருக்கிறதா, வீட்டில் எல்லோரும் ஒப்புகிறார்களா என்று பாருங்கள். நான்கும் ஆம் என்றால் பாதி நேர வேலைக்கு மாறுங்கள். ஒன்று இல்லையென்றாலும் இன்னொரு பருவம் பொறுங்கள். நான்குமே இல்லையென்றால் பாட்டைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. திருவிழா மேடைகளைத் தாங்குகிறவர்களில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை செய்கிறவர்கள்தான்.

வருகிற ஐப்பசியில் மழை தொடங்கி உப்பளம் நின்றதும், ஒரு வாத்தியார், ஒரு நாடகம், ஒரு வேடம் என்று மூன்றை மட்டும் முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். சம்பள வேலை கையில் இருக்கட்டும்.